வாரம் முழுவதும் வருகை

கல்லூரிச் செயலியில் என்ன இருக்கிறதோ, கல்லூரியில் அதுதான் இருந்தது. உமையாளும் ஜெபாவும் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காகக் கட்டிய செயலி அது. பேருந்து நேரம், மெஸ் சாப்பாடு, வருகைப்பதிவு என்று வாட்ஸ்அப் குழுக்களில் சிதறிக் கிடந்ததையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒருநாள் ஜெபா கைதவறி சாம்பாருக்குப் பதில் ரசம் என்று தட்டிவிட, அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது ரசமாகிவிட்டது. மெஸ் அண்ணன் கரண்டியை மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை ஜெபாவுக்கு ஊரிலிருந்து போன் வந்தது. அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை, கண்ணை மூடுவதற்குள் வந்து முகத்தைக் காட்டு என்றார்கள். பையைக்கூட எடுக்காமல் உடன்குடிப் பேருந்துக்கு ஓடினாள்.

அவளுக்கு ஏற்கெனவே வருகை குறைவு. இன்னும் குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. தோழிக்கு ப்ராக்ஸி கொடுக்காதவளோடு அந்த வகுப்பில் யாரும் பேசமாட்டார்கள். உமையாள் குரலை மாற்றி 'எஸ் சார்' சொல்லக் கூச்சப்படுகிறவள். செயலியில் தட்டுவது எளிதாக இருந்தது. தினமும் தட்டுவானேன் என்று, விடுதிக்கும் சேர்த்து, ஜெபா வாரம் முழுவதும் இருக்கிறாள் என்று பதிந்தாள்.

பதிந்த மறுநொடி அவள் பக்கத்தில் ஜெபா உட்கார்ந்திருந்தாள். கையில் பேருந்து டிக்கெட் இருந்தது.

"ஏட்டி, என்ன செஞ்ச?"

"ப்ராக்ஸி போட்டேன்."

"பஸ் பைபாஸ் ஏறிட்டுடி. ஜன்னலோர சீட்டு வேற."

"இப்பவே அழிச்சிடுறேன்."

"எப்படி அழிப்ப? யாரும் திருத்தக் கூடாதுன்னு நீதான பூட்டு போட்ட, பெரிய அறிவாளி."

ஜெபா எழுந்து வெளியே நடந்து பார்த்தாள். வாசலைத் தாண்டிய கால் பெஞ்சுக்கு அடியில் வந்து நின்றது. துறைத்தலைவர் செயலியைப் பார்த்துவிட்டு, "இருக்கியேம்மா" என்றார்.

மதியத்துக்கு முன்னால் மறுபடியும் போன். மூச்சு இழுக்கிறது, உன்னைத்தான் கேட்கிறார் என்றார்கள். உமையாள் மாணவர் சேர்க்கைப் பக்கத்தைத் திறந்தாள்.

"ஒங்கப்பா பேரு சொல்லு, இனிஷியலோட."

கடைசி பெஞ்சில் தங்கதுரை படுத்திருந்தார். ஆஸ்பத்திரிப் போர்வையும் குளுக்கோஸ் பாட்டிலும் கூடவே வந்திருந்தன. பக்கத்தில் இருந்தவன் பாட்டிலை ஜன்னல் கொக்கியில் மாட்டினான். ஜெபா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சாப்டியா மக்களே?"

"சாப்டேன்ப்பா."

"நல்ல காத்தோட்டமான காலேஜ்" என்றார்.

பேராசிரியர் கரும்பலகையை அழித்து முடிக்கும்வரை அவருக்கு மூச்சு இருந்தது.

ஊரில் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டிக் காத்திருந்தார்கள். ஆனால் செயலியில் அவர் இறுதியாண்டு மாணவர், அது சொல்லும் இடத்துக்குத்தான் போக முடியும். சாயங்காலம் வேலைவாய்ப்புப் பக்கத்தில் அவர் பெயர் வந்தது. ஓசூரில் ஒரு கம்பெனி. உடனே சேர வேண்டும். வகுப்புப் பையன்கள் நான்கு பேர் அவரைத் தோளில் தூக்கினார்கள். உமையாள் அவர் சட்டையில் அடையாள அட்டையைக் குத்திவிட்டாள். ஜெபா வாசல்வரைக்கும் போனாள்.

அப்போது கம்பெனியிலிருந்து அவளைப் போனில் கூப்பிட்டு, அவருக்கு நைட் ஷிஃப்ட் போட்டால் பரவாயில்லையா என்று கேட்டார்கள்.

பரவாயில்லை என்றாள் ஜெபா.