செண்டுமல்லியும் ஒரு டம்ளர் தண்ணீரும்

கோகிலவாணியின் செண்டுமல்லி, இலை பச்சையாக இருக்கும்போதே தலை தொங்கியது. தாகம்தான் என்று அவள் கணவன் சரத்குமார் நான்கு நாளாகத் தண்ணீர் பாய்ச்சினான். வாடல் அடுத்தடுத்த பாத்திக்குப் போனது. ஆயுத பூஜைக்குப் பறிக்க மூன்று பாத்திதான் மிச்சம்.

சங்கராபுரம் வேளாண் அலுவலர் போனில் சொன்னபடி, வாடிய தண்டை அறுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முனை படும்படி பிடித்தாள்.

“இன்னா, டீக்கடை போட்டுட்டியா?”

“கம்முனு பாரு மாமா.”

வெட்டிய இடத்திலிருந்து பால்போல ஒரு வெள்ளை இழை நீருக்குள் இறங்கியது.

“ஆபீசர் சொன்னாப்லயே பால் எறங்குது, பாக்டீரியா வாடல். தண்ணி வுட்டு நாமதான் பரப்பிக்கினு இருக்கோம்.”

அவன் மண்வெட்டியோடு மடையை அடைக்க ஓடினான்.

“மம்புட்டிய கழுவிட்டுப் போ மாமா! அதுலயும் அந்த நோய்ப் பாத்தி மண்ணுதான் ஒட்டிக்கினு இருக்குது.”