ஒரே உதை

திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே வந்து சவுரிராயன் மெக்கானிக் என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு சவுரி கை வைத்தால் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும் என்று எனக்கு ஒரு பேர். பேர் இருந்து என்ன பிரயோஜனம், கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போனால் சாப்பிட்டாயா என்று கேட்க ஓர் ஆள் கிடையாது.

கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலக்கிறதா என்பதை பிளக்கைப் பார்த்துச் சொல்லிவிடலாம். கருத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். பிஸ்கட் நிறத்தில் இருந்தால் வண்டி பறக்கும். ஆனால் கடை வாசலில் உறுமவிட்டுப் பார்த்தால் பிளக் பொய் சொல்லும். ஹைவேயில் முழு முறுக்கில் ஓட்டி, அந்த வேகத்திலேயே கிளட்ச்சைப் பிடித்துச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்து, வண்டி உருண்டு நின்றதும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

எங்கே நிற்க வேண்டும் என்பது ஓட்டுகிறவன் இஷ்டம். நான் விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி விழுப்புரம் பக்கம் போய், ஒரு சின்னப் பாலத்தின்மேல் இன்ஜினை அணைப்பேன். வண்டி சத்தமில்லாமல் உருண்டு ஒரு புளியமரத்தடியில் நிற்கும். பக்கத்திலேயே நீல கேட் போட்ட வீடு. அங்கேதான் அமலா இருக்கிறாள், எனக்குப் பெண்டாட்டியாக இருந்தவள். கூடவே எங்கள் மகள் அஸ்வினி.

பிரியும்போது அமலா கேட்டது ஒன்றுதான். "எங்க வூட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது." நான் மிதிக்கவில்லை. புளியமரம் சர்க்காருடையது, அதில் அவளுக்கு என்ன பாத்தியதை? கைக்குழந்தையாகப் போன அஸ்வினி சைக்கிள் பழகியதும், காலேஜ் பையோடு பஸ்ஸுக்கு ஓடியதும், பிளக்கைத் துடைத்துக்கொண்டே நான் பார்த்ததுதான். ஓர் ஓட்டத்தில் முடிகிற வேலைக்கு கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடுகிற ஜெட்டை வேண்டுமென்றே பெரிதாகப் போட்டு, பிளக்கைக் கருக்கவிட்டு, நாலு ஓட்டமாக இழுப்பேன். "இன்னும் சரியா வரலப்பா" என்றால் வண்டிக்காரன் நம்பிவிடுவான்.

போன சனிக்கிழமை பிரவீன்குமார் என்கிற பையனின் வண்டி. "அண்ணே, நாளைக்கு ஊருக்குப் போறேன், ஜல்தியா முடிச்சுக் குடுங்கண்ணே" என்று உயிரை எடுத்தான். வேறு வழியில்லாமல் சரியான ஜெட்டையே போட்டேன். புளியமரத்தடியில் நின்று பிளக்கைக் கழற்றினால் அசல் பிஸ்கட் நிறம். நிமிர்ந்தேன். எதிரே சொம்போடு அஸ்வினி.

"அங்கிள், தண்ணி."

ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கூப்பிடுகிற அங்கிள்தான். அவள் வாயிலும் அதுதான் வந்தது. வாங்கிக் குடித்தேன், பாதி சட்டையில் சிந்தியது.

"என்னா பாத்துக்கினு இருக்கீங்க?"

"பிளக்குமா. கலர் பாக்குறேன்."

குனிந்து பார்த்தாள். அமலாவின் மூக்கு, என்னுடைய நெற்றி. "பிஸ்கட் கலர்ல இருக்குது. நல்லதா, கெட்டதா?"

"நல்லதும்மா."

"அப்போ வண்டி ரெடியாய்டுச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஊரெல்லாம் சொல்லிப் பழகிய பொய்தான். மகளிடம் பேசும் முதல் பேச்சிலேயே பொய் சொல்ல நாக்கு வரவில்லை. "ரெடிதாம்மா" என்றேன்.

சொம்பை வாங்கிக்கொண்டு தயங்கினாள். "அம்மாதான் தண்ணி குடுத்துட்டு வரச் சொன்னாங்க. அப்புறம், தப்பா எடுத்துக்காதீங்க அங்கிள், இனிமே வண்டிய வேற எடத்துல நிறுத்திக்கச் சொன்னாங்க."

அப்படியானால் அமலாவுக்கு இத்தனை வருஷமும் தெரியும். தெரிந்தேதான் பார்க்க விட்டிருக்கிறாள்.

"சரிம்மா" என்றேன்.

பிளக்கை மாட்டினேன். வண்டி கிளம்புவதைப் பார்க்க அஸ்வினி அங்கேயே நின்றாள். மக்கர் பண்ணினால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பாள். மாதாவே, இந்த ஒரு தடவை மட்டும் என் வேலையைக் கெடுத்துவிடு என்று வேண்டிக்கொண்டு, பட்டும் படாமல் உதைத்தேன்.

ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிவிட்டது.