துண்டு மடிக்கும் வேலை

பையைக் கவிழ்த்ததும் ரப்பர் உடுப்பு தொப்பென்று சமையலறைத் தரையில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்ட பை. கணவரின் மூக்குக்கண்ணாடியைத் தேடித்தான் அதைத் திறந்தாள். உடுப்பிலிருந்து இன்னும் தண்ணீர் வடிந்தது.

தொட்டிக்குள் இறங்குகிறவர்கள் போடுவது. அடிபட்ட நாய், கால் விழுந்த நாய் என்று வருகிறவற்றை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி நடக்கப் பழக்கும் இடம் அது. பதினோரு வருடம் அந்தத் தண்ணீரில் நின்றவர் அவர். போன வருடம் நெஞ்சுவலி வந்தபோது, இனி தொட்டியில் கால் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கேயே மேற்பார்வை பார்க்கும் அவளுடைய தம்பி, துண்டு துவைத்து மடிக்கிற வேலைக்கு அவரை மாற்றிவிட்டான். ஒன்பது மாதமாக இருவரும் அப்படித்தான் சொன்னார்கள்.

"டேய், இங்க வா."

கூடத்தில் அவருடைய உடலருகே நின்றிருந்த தம்பி வந்தான். கீழே கிடந்ததைப் பார்த்தான். அதன் பிறகு அவளைப் பார்க்கவில்லை.

"துண்டு மடிக்கிறவருக்கு இது எதுக்கு?"

"அக்கா..."

"துணி அறையில விழுந்துட்டாருன்னுதானே சொன்ன?"

"ஒரே ஒரு நாய்க்காகத்தான்க்கா. மாமா இறங்கினாத்தான் அது பின்னங்காலை ஊனும். நான் இறங்கினா கட்டை மாதிரி மிதக்கும். பத்து நிமிஷம்னுதான் இறங்கினாரு."

"எத்தனை நாளா இந்தப் பத்து நிமிஷம்?"

அவன் ஒழுகாத குழாயை இறுக்கி மூடினான்.

"எத்தனை நாளாடா?"

"துண்டு வேலையில மாமா இருந்ததே நாலு நாள்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தினமும் சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். "இன்னைக்கு எண்பது துண்டு. ஒவ்வொரு நாய்க்கும் மூணு. எனக்கு இந்த வீட்டுல ஒண்ணு, அதுலயும் பாதி உன்னுது" என்பார். அவள் தைலம் தேய்த்துவிடுவாள். கறை போகாத ஒரு துண்டைப் பற்றி ஒருநாள் அரைமணி நேரம் பேசினார். எந்தச் சோப்பில் ஊறவைக்கலாம் என்று அவளும் யோசித்துச் சொன்னாள். மறுநாள் வந்து, கறை போய்விட்டது என்றார்.

"ரெண்டு பேருமா சேர்ந்து என்னை நல்லா முட்டாளாக்கிட்டீங்க."

"சொன்னா நீ விடமாட்டேன்னு மாமாதான்க்கா..."

"விடமாட்டேன்தான். விட்டா என்ன ஆகும்னு கூடத்துல போய்ப் பாரு."

அவள் போய் அவருடைய கால்மாட்டில் உட்கார்ந்தாள். முழங்கால் வலித்தது. சுவரில் சாய்ந்து இரண்டு கால்களையும் நீட்டிக்கொண்டாள்.

வாசலில் ஒரு வண்டி நின்றது. ஒரு பெண் பழுப்பு நாயை இறக்கிவிட்டாள். தம்பி பதறி வாசலுக்கு ஓடினான்.

"இப்ப வேணாங்க. கூட்டிட்டுப் போயிடுங்க."

"ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறோம்," என்றாள் அந்தப் பெண்.

"அதுதானா அந்த நாய்?" என்று உட்கார்ந்தபடியே அவள் தம்பியைக் கேட்டாள்.

அவன் தலையாட்டினான்.

"வரட்டும்."

நிலைப்படியில் நாய் தயங்கியது. தூக்கிவிட அவன் குனிந்தான்.

"தூக்காத. நடக்கட்டும். அதுக்குத்தானே எல்லாம்."

நாய் தானாகவே படி ஏறி உள்ளே வந்தது. பக்கத்தில் இருந்த நாத்தனார், "காலை ஒதுக்கிக்குங்க அண்ணி" என்றாள். அவள் ஒதுக்கவில்லை. நாய் அவளுடைய காலுக்கு முன் நின்று மூச்சு வாங்கியது. பிறகு முன்கால்கள் இரண்டும் தாண்டின. பின்னங்கால் ஒன்று மெல்ல எழும்பி, அவளுடைய முழங்கால் மேல் நடுங்கி, அந்தப் பக்கம் ஊன்றியது.

இன்னொரு கால் வர அவள் காத்திருந்தாள்.