தலைவர் விட்டுப்போன கையெழுத்து

படத்திறப்பு பத்து மணிக்கு. எட்டு மணிக்கு அம்சவல்லி பீரோவைத் திறந்தபோது, புடவைகளுக்கு அடியில் இருக்க வேண்டிய மஞ்சள் கவரைக் காணவில்லை.

அந்தக் கவரில் இருந்தவை, அவள் கணவர் தணிகாசலம் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்திருந்த வெற்று லெட்டர்பேடு தாள்கள். பூவந்தாங்கல் ஊராட்சிக்கு ஐந்து முறை தலைவராக இருந்தவர் அவர். ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள், உள்ளூர்க்காரர்தான் என்று தலைவரிடம் கடிதம் வாங்கிப் போவார்கள். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களைக் காக்க வைப்பது அவருக்குப் பிடிக்காது. அவர் வீட்டில் இல்லாத நேரம் யாராவது வந்தால், அம்சவல்லி ஒரு தாளை எடுத்துப் பெயரும் தேதியும் எழுதிக் கொடுத்துவிடுவாள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் எண் போட்டிருப்பார். ஒன்று முதல் முப்பது வரை. கடைசியாகப் போனது பன்னிரண்டு.

இது ஊருக்கே தெரியும். மனை வியாபாரி புருஷோத்தமனுக்கும் தெரியும்.

தன் மனைகளுக்கு ஏரிக்கரை மேல் பாதை கேட்டு இரண்டு வருடம் அலைந்தவர் அவர். "நான் உயிரோட கீற வரைக்கும் கரை மேல உன் லாரி ஏறாது" என்று தலைவர் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். இப்போது தலைவர் இல்லை, கையெழுத்து இருக்கிறது. போன மாதத் தேதியைப் போட்டு, பாதைக்கு ஆட்சேபணை இல்லை என்று நாலு வரி அடித்துவிட்டால், செத்த மனிதர் எழுந்து வந்து மறுக்கவா போகிறார்? சாவன்று வீடு முழுக்கக் கூட்டம். பீரோ திறந்தே கிடந்தது. புருஷோத்தமன் உள் அறை வரைக்கும் வந்து அழுதுவிட்டுப் போனார்.

"மா, மணி பத்தாவுது, எல்லாரும் வந்துட்டாங்க. இன்னும் இன்னா பீரோவ நோண்டிக்கினு கீற?" என்றாள் மகள் சுபஸ்ரீ.

"உங்கப்பா பேரு காணாப் போச்சுடி" என்று சொல்லிவிட்டு அம்சவல்லி பந்தலுக்கு நடந்தாள்.

பந்தலில் மைக் ஓடிக்கொண்டிருந்தது. லூர்தம்மாள் கம்பெனி சட்டையோடு நேரே நைட் ஷிப்டிலிருந்து வந்திருந்தாள். "எங்க வூட்ல மூணு பேரு கம்பெனி லைன்ல நிக்கிறோம். மூணு பேருக்கும் லெட்டர் குடுத்தது தலைவர்தான். ஒரு டீகூட வாங்கிக் குடிக்கல. நமக்குத்தான் ஊத்திக் குடுத்தாரு" என்றாள். கூட்டம் கை தட்டியது. அம்சவல்லியின் கண் புருஷோத்தமனைத் தேடியது. அந்தப் பாதைக் கடிதம் வெளியே வந்தால் நாளைக்கு இதே வாய்கள் என்ன சொல்லும்?

துணி விலகியது. படத்தில் தலைவர் சிரித்தார். புருஷோத்தமன் ஆளுயர ரோஜா மாலையை இரண்டு பேர் பிடிக்கக் கொண்டுவந்து படத்துக்குப் போட்டார். பாரம் தாங்காமல் படம் முன்னால் சாய்ந்தது. குடிநீர்த் தொட்டி ஆபரேட்டர் யாக்கோபு பாய்ந்து பிடித்தார். பின்பக்க அட்டை கழன்றது. அதற்குள்ளிருந்து வெள்ளைத் தாள்கள் சரசரவென்று தரையில் கொட்டின.

"யாக்கோபு, இன்னாது இது?" என்றாள் அம்சவல்லி.

"பீரோல கவர் கீது, எடுத்துனு போய் ஃப்ரேம் போடுனு நீங்கதான் சொன்னீங்க அண்ணி. ரெண்டு கவர் இருந்திச்சி. கண்ணாடி போட்டுனு போவல. எதுல போட்டோனு தெரியாம ரெண்டையும் தூக்கினு போய்ட்டேன். படப்பை கடைக்காரன், போட்டோ ஆடுது, பின்னால அண்டக் குடுக்க பேப்பர் கீதான்னான். அந்த இன்னொரு கவர்ல இருந்தத எடுத்துக்கோன்னேன்."

கையெழுத்துகள் பத்து நாளாகத் தலைவரின் முதுகுக்குப் பின்னால்தான் இருந்திருக்கின்றன. அம்சவல்லி அப்படியே தரையில் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தாள். புருஷோத்தமனும் குனிந்து நாலைந்து எடுத்துக் கொடுத்தார்.

"இன்னா தங்கச்சி, வெறும் பேப்பர்ல கையெழுத்து. தலைவருக்கு ரொம்பத்தான் தைரியம்."

"ஊர நம்பினாரு அண்ணே."

சுபஸ்ரீ எண்களை வரிசையாக வைத்தாள். பதின்மூன்று முதல் முப்பது வரை. நடுவில் இருபத்திரண்டு இல்லை. அம்சவல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, கொஞ்சம் காலத் தூக்கு. இருபத்திரெண்டு உன் செருப்புக்கு அடியில கீது."

பந்தல் முழுக்கச் சிரித்தது. "அட, கவனிக்கலம்மா" என்று புருஷோத்தமன் காலை எடுத்தார். லூர்தம்மாள் அந்தத் தாளை எடுத்து, செருப்பு அச்சைத் துடைத்து நீட்டினாள்.

அம்சவல்லி தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு பந்தலின் பின்பக்கம் போனாள். அங்கே விறகடுப்பில் சாப்பாட்டுக்கு உலை கொதித்தது. ஒரு தாளைக்கூட விடாமல் அடுப்பில் வைத்தாள். கையெழுத்தின் பச்சை மசி சுருண்டு கறுத்தது.

"அண்ணி, இனிமே லெட்டருக்கு வரவங்க?" என்றார் யாக்கோபு.

"புதுத் தலைவர் வரட்டும். அதுவரைக்கும் ஆபீஸ்ல போய் நிக்கட்டும்." பதினாறு நாளில் முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது. "அரிசி போட்டாச்சா, பாரு."