நூற்று முப்பத்தெட்டு மில்லிமீட்டர்

மாத்தளை டவுனில் கரண்ட் திரும்பி வந்தபோது பகல் மணி ஒன்று ஐம்பது. மண்சரிவு எச்சரிக்கை அலுவலகத்தில் கிருஷாந்தினி சேர்வரைப் போட்டுவிட்டுத் திரையின் முன் உட்கார்ந்தாள். அந்த ஒரே பெட்டிக்குள் மென்பொருளால் அமைந்த மூன்று மெய்நிகர் கணினிகள் உண்டு. இரண்டு எழுந்துவிட்டன. மூன்றாவது, கறுப்புத் திரையில் ஒரே வரியைக் காட்டிவிட்டு நின்றது: தொடங்குவதற்கான வட்டு இல்லை.

எல்கடுவ மலையில் நட்டிருந்த மழைமானிகள் தங்கள் அளவுகளை அனுப்புவது அந்த மூன்றாவதற்குத்தான். இருபத்துநான்கு மணிநேர மழை நூற்றைம்பது மில்லிமீட்டரைத் தாண்டினால், அவள் தேயிலைத் தோட்டத் தலைவர் மாடசாமிக்குச் சொல்ல வேண்டும். அவர் லயம் எனும் வரிசை வீடுகளின் நாற்பது குடும்பங்களையும் கீழே பள்ளிக்கூடத்துக்கு இறக்குவார். போன மாதம் அளவு தாண்டும் முன்பே பயந்துபோய் இறங்கச் சொன்னாள். மறுநாள் வெயில் அடித்தது. அதிலிருந்து, நம்பர் இல்லாமல் பேச்சில்லை என்று முடிவாகியிருந்தது.

வெளியே மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"பெக்கப்பைத் திருப்பிப் போடுவமா?" என்றான் பக்கத்து மேசையிலிருந்த பஸ்லி.

"அது ஞாயித்துக்கெழம எடுத்தது, பஸ்லி நானா. இன்னைக்குப் பேஞ்ச மழை அதுல இருக்காது."

வட்டுக் கோப்பு தொலைந்துவிட்டதா என்று முதலில் பார்த்தாள். இருந்தது, அளவும் சரியாக இருந்தது. அடுத்து அமைப்புகளைத் திறந்தாள். வியாழக்கிழமை இடம் போதாதென்று அவளே ஒரு புது வட்டைச் சேர்த்திருந்தாள். தொடங்கும் வரிசையில் அந்த வெற்று வட்டுதான் முதலில் நின்றது. அதற்குப் பிறகு கணினியை அணைத்துப் போட்டதே இல்லை. அதனால் தவறு இன்றுவரை தெரியவில்லை.

வரிசையை மாற்றினாள். இந்த முறை கணினி பாதிவரை எழுந்தது. திடீரென்று கரண்ட் போனதில் கோப்புகள் சிதைந்திருப்பதாகச் சொல்லி, கையால் சரிசெய்யும்படி கேட்டு நின்றது. அவள் விரல் விசைப்பலகைக்குப் போனது.

"கொஞ்சம் நில்லுங்க," என்றான் பஸ்லி. "மொதல்ல ஒரு கொப்பி எடுங்க. ரிப்பேர் பிழையாப் போனா எல்லாமே போயிரும்."

"கொப்பி எடுக்க அரை மணித்தியாலம் ஆகும், நானா. அங்க மலை நிக்குமா?"

அவள் நெற்றியை அழுத்திக்கொண்டாள். கணினி முழுவதும் எழ வேண்டுமென்பதில்லை, கடைசி அளவு கிடைத்தால் போதும் என்று அப்போதுதான் தோன்றியது. பழுதான வட்டை, ஓடிக்கொண்டிருந்த இன்னொரு மெய்நிகர் கணினியோடு இணைத்தாள். எதையும் எழுதாமல் வாசிக்க மட்டும். கோப்பு திறந்தது.

கடைசி வரி பன்னிரண்டு நாற்பதுக்கு வந்தது. நூற்று முப்பத்தெட்டு மில்லிமீட்டர்.

தாண்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒன்றரை மணிநேரமாக மழை விடவே இல்லை.

பஸ்லி வட்டைக் கொப்பி எடுக்கத் தொடங்க, அவள் மாடசாமிக்குப் போன் எடுத்தாள்.

"தலைவரே, கடைசி நம்பர் நூத்தி முப்பத்தெட்டு. பன்னெண்டு நாப்பதுக்கு வந்தது. அதுக்கப்புறம் மெசின் வேல செய்யல."

"அப்ப நூத்தம்பது ஆகலயே, தங்கச்சி."

"இந்நேரம் ஆகியிருக்கும். என்னால காட்டத்தான் முடியல. எறக்கிருங்க."

"போன தடவ லயத்துல பேசுன பேச்சு ஒங்களுக்குத் தெரியாது. புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு நனைஞ்சது நாங்க."

"தெரியும். சும்மாப் போச்சுன்னா கிருஷாந்தினிதான் சொன்னான்னு சொல்லுங்க. நான் நேர்ல வந்து பதில் சொல்றேன்."

மறுமுனையில் மழைச் சத்தத்துக்கு நடுவே அவர் யாரையோ கூப்பிட்டார். பிறகு அவர், "சரிங்க, எறக்குறேன்," என்றார்.

கொப்பி முடிந்து, பழுது நீக்கி, கணினி எழும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. மழைமானிகள் சேமித்துவைத்திருந்த அளவுகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒன்று முப்பத்தைந்துக்கே நூற்றைம்பதைத் தாண்டியிருந்தது. இப்போது நூற்று எண்பத்திரண்டு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேல்சரிவு மானியின் அளவு வருவது நின்றது.

மாடசாமியின் போன் கிடைக்கவில்லை. ஏழு தடவை முயன்றாள். பஸ்லி கொண்டுவந்து வைத்த பிளேன்டீ ஆறிப்போனது.

நாலேகாலுக்கு அவரே அவளுக்குப் போன் எடுத்தார்.

"மேல் லயத்துப் பின்பக்கம் மலை சரிஞ்சு வந்திருச்சுங்க. மூணு வீட்டுக் குசினி அடுப்போட மண்ணுக்குள்ள. ஆளுங்கள ரெண்டு தடவ எண்ணிட்டேன். எல்லாம் ஸ்கூல்ல இருக்காங்க."

கிருஷாந்தினி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தலைவரே, ரெண்டு மணிக்கே ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். கரண்ட் வந்ததும் மெசின் எந்திரிக்காம போனதுல என் தப்பும் இருக்கு. நான்தான் ஒரு வட்டை வரிச மாத்தி வச்சிட்டேன்."

"அத அப்புறம் பேசுவோம். இன்னைக்கு ராத்திரிக்குப் பாய் தேவ. எத்தன அனுப்ப முடியும்?"

அவள் தாளை இழுத்து, நாற்பது குடும்பங்களுக்கான பாய்க் கணக்கை எழுதத் தொடங்கினாள்.