தம்பி வாடகைக்கு எடுத்த வீடு

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அப்பா தன் போனை நீட்டினார். நிரம்பிவிட்டதாம், ஒன்றும் திறக்கமாட்டேன் என்கிறதாம்.

"அந்த குட் மார்னிங் படத்த மட்டும் அழி லில்லி. மத்ததுல கை வக்காத" என்றார்.

பாகூரில் இருக்கிற ஓய்வுபெற்ற வாத்தியார்கள் எல்லாரும் விடிந்தால் ஒருவருக்கொருவர் ரோஜாப்பூ அனுப்பிக்கொண்டிருந்தால் எந்தப் போன்தான் தாங்கும்? ரோஜாக்களை அழித்தேன். அப்படியும் இடம் போதவில்லை. எது அதிக இடத்தை அடைக்கிறது என்று தேடினேன். என் தம்பி சார்லஸ் சென்னையிலிருந்து அனுப்பிய வீடியோ ஒன்று. தை மாதமே வந்திருக்கிறது.

"அப்பா, இதான் நாங்க வாடகைக்கு எடுத்த புது வூடு" என்று ஆரம்பிக்கிறான். ஒன்பதாவது மாடி. எங்கள் வீடு முழுவதையும் தூக்கி உள்ளே வைக்கலாம் போல ஒரு ஹால். "இது எங்க ரூம். இது பையன் ரூம். இது சும்மாதான் கெடக்குது." பிறகு லிப்டில் இறங்குகிறான். கீழே நீலமாய் ஒரு நீச்சல் குளம், சுற்றிலும் சாய்வு நாற்காலிகள். அவன் மகன் "தாத்தா, பாருங்க!" என்று கத்திக்கொண்டு தொப்பென்று குதிக்கிறான்.

சும்மா கிடக்கிறதாம் ஒரு அறை. அந்த இடத்தை மட்டும் நான்கு முறை திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

நான் இங்கே ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. பத்தொன்பது வருடம் காத்திருந்த பதவி உயர்வு போன மாதம்தான் வந்தது, மாஹேவுக்கு. புதுச்சேரி சர்க்கார் வேலையில் இருப்பவர்களுக்கு மாஹே என்றாலே தண்டனை மாதிரி. பேருக்குத்தான் நம் ஊர், இருப்பது கேரளத்துக்குள்ளே, போய்ச் சேர ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் கிடக்க வேண்டும். எனக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை. நாற்பத்திரண்டு வயதில் தனியாக ஒரு வீடு, எனக்குப் பிடித்ததை மட்டும் சமைத்துக்கொள்ளலாம், ஆபீசிலும் ஒரு படி மேலே நாற்காலி. மனதுக்குள் பெட்டியே கட்டிவிட்டேன்.

அப்பாவை நினைத்தால்தான் யோசனையாக இருந்தது. அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. எனக்குக் கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரையில் ஒரு கால்விரலை எடுத்தாகிவிட்டது. தினமும் புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும், இரண்டு வேளை ஊசி போட வேண்டும். ரெண்டே வருடம் பார்த்துக்கொள் என்று சார்லஸைக் கேட்டேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"அக்கா, எங்க வூடு எம்மாம்னு தெரியுமா உனக்கு? ஒரே ரூமு. நாங்களே ஒண்டிக்கினு படுக்கறோம். ஓனர் வேற, சொந்தக்காரங்க வந்தா மூஞ்ச தூக்கறாரு" என்றான்.

அப்பா என் கையைத் தட்டினார். "வுடும்மா. இல்லாதவன இன்னா பண்ண சொல்ற?"

மறுநாள் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க உட்கார்ந்தேன். எனக்குக் கை ஓடவில்லை. அப்பா சொல்லச் சொல்லத்தான் எழுதினேன். "என் தம்பி சென்னையில் ஒற்றை அறையில் வசிப்பதால்" என்ற வரிகூட அவர் சொன்னதுதான். அழகாகச் சொன்னார். வாத்தியார் அல்லவா?

வீடியோவைப் பார்த்ததும் முதலில் சார்லஸ் மேல்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனை நாலு வார்த்தை கேட்கலாம் என்று அந்த வாட்ஸப்பையே கீழே தள்ளிக்கொண்டு போனேன். கடைசியில் அப்பா பேசி அனுப்பிய குரல் பதிவு ஒன்று இருந்தது. நான் கடிதம் எழுதின அதே நாள், மாலை ஆறு மணிக்கு அனுப்பியிருக்கிறார். அந்நேரம் நான் அவருக்குத் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன்.

"சார்லசு, லெட்டர் எழுதி வாங்கிட்டேன்டா. இனிமே அவ போவ மாட்டா. நீ கவலப்படாம இரு."

எழுதி வாங்கிவிட்டாராம்! பெற்ற மகளிடம்.

அந்தக் குரலை அவர் முன்னாலேயே போட்டேன். சாய்வாக உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார். மறுக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"மத்ததுல கை வக்காதன்னு சொன்னேனே" என்றார்.

"ஏன்பா?"

"அவன் இப்பதான் தலையெடுத்து நாலு பேரு மாதிரி வாழறான். அந்த எடத்துல நான் போயி இந்தப் புண்ணு காலோட ஒக்காந்தா நல்லாவா இருக்கும்? அவன் பொண்டாட்டி இன்னா நெனைப்பா? கொளத்துக்கு வர்ற ஜனம் மூக்கப் பொத்திக்கும்."

"அப்போ எனக்கு?"

உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "உனக்குத்தான் பழக்கமாயிடுச்சே லில்லி" என்றார்.

என்னை அவர் அடித்திருக்கலாம். அதை ஒருநாள் மறந்திருப்பேன்.

கடிதத்தைத் திரும்ப வாங்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை அலுவலகம் திறக்குமுன்பே போய் வாசலில் நின்றேன். சூப்பிரண்டு வண்டியை நிறுத்தி இறங்குவதற்குள் கடிதத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டேன். அவர் நல்ல மனிதர், உள்ளே கூட்டிப்போய் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"போன வாரமே மேல போயிடுச்சும்மா. லிஸ்ட்ல அடுத்தது மஞ்சுளா. அவங்களுக்கு வெள்ளிக்கெழம ஆர்டரும் வந்துடுச்சு. ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா?"

பக்கத்து மேசை மஞ்சுளா கண்கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க எடத்துக்குப் போறேன்னு சங்கடமா இருக்குதுக்கா" என்றாள். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மாஹேயில் மழை அதிகம், குடையை மறக்காதே என்றேன்.

அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கதவருகிலேயே நின்றிருந்தார். விடிந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, ஊசியும் போட்டுக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்ததும் குரல் நடுங்கியது.

"லெட்டர திருப்பிக் குடுத்துட்டாங்களா?"

அவர் செய்த காரியத்துக்காக வருந்துகிறார் என்று ஒரு நிமிடம் நம்பினேன். மடத்தனம்தான், ஆனாலும் நம்பினேன்.

"இல்லப்பா. மஞ்சுளாவுக்குப் போயிடுச்சு."

"சேசுவே, ஒனக்குத் தோத்திரம்" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார் அப்பா.