எதிர்மலையில் ஒரு கன்று

பேங்கின் வண்டிப்பெரியார் கிளைக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது, தான் மட்டும் போய் இருந்துகொள்வதாகத்தான் ஹரிஷங்கர் சொன்னான். ஸ்ரீரஞ்சனி கேட்கவில்லை. மகள் பவ்யா பெங்களூரில் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள். கல்பாத்தி வீட்டில் தனியாக உட்கார்ந்து யாரோடு பேசுவது என்று, பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் வேலையை விட்டுவிட்டு அவனோடு மலையேறி வந்தாள்.

ஊருக்குச் சற்று மேலே, தேயிலைத் தோட்டத்தின் விளிம்பில் வாடகை வீடு. ஹரிஷங்கர் காலையில் பேங்குக்குப் போனால் திரும்ப இருட்டிவிடும். அவளுக்குத் துணையாக இருந்தது சமையலறை ஜன்னல்தான். ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய பள்ளம், பள்ளத்துக்கு அப்பால் எதிர்மலை. மலையின் கீழ்ப்பாதி தேயிலை, மேல்பாதி புல்வெளி, அதற்கும் மேலே காடு. மூடுபனி விலகியதும் காட்டிலிருந்து காட்டுமாடுகள் புல்லுக்கு இறங்கும். இங்கிருந்து பார்த்தால் பச்சைத் துணியில் சிந்திய மிளகு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் அவள் நாளாக ஆக ஒவ்வொன்றையும் நடையை வைத்தே அடையாளம் கண்டுவிட்டாள். எது முன்னால் போகும், எது எப்போதும் பின்தங்கும், எந்தக் கன்று தாயை விட்டு நகராது என்றெல்லாம் சாயங்காலம் அவனிடம் சொல்வாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டே "ம்" கொட்டுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேங்கில் கூட வேலை பார்க்கும் நிமி தன் புருஷனோடு சாப்பிட வந்தாள். அவள் புருஷனிடம் ஒரு காமிரா இருந்தது. லென்ஸைக் கழற்ற முடியாது, கூடவே ஒட்டிப் பிறந்தது. பொத்தானை அழுத்தினால் நீண்டுகொண்டே போகும். அதை வாங்கி ஜன்னல் வழியாக எதிர்மலையைப் பார்த்த ஸ்ரீரஞ்சனி "அய்யோ" என்று கத்திவிட்டாள்.

"ஏன்னா, இங்க வாங்கோ! அது காதை ஆட்டறது! கண்ணு தெரியறது!"

சாம்பார் பரிமாறுவதை மறந்து அதோடேயே நின்றாள். அவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். "அந்த மாதிரி ஒண்ணு எனக்கு வாங்கித் தரேளா?"

அவள் எதையும் கேட்டு வாங்குகிறவள் அல்ல. ஹரிஷங்கருக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ஆனால் அவன் எதையும் லேசில் வாங்குகிறவனும் அல்ல. மிக்ஸி வாங்கவே ஒரு மாதம் விமரிசனம் படித்தவன். காமிரா என்றதும் உட்கார்ந்துவிட்டான். யூடியூபில் ஒருவர் விடாமல் கேட்டான், தெரியாத ஆட்களோடெல்லாம் குழுக்களில் விவாதித்தான். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தான்.

"அந்த சூப்பர்ஜூம் சமாசாரம் வேண்டாம் ரஞ்சனி. அதுல படம் பதியற சென்சார் சுண்டுவிரல் நகம் அளவாக்கும். வெளிச்சம் கொஞ்சம் குறைஞ்சா படம் மணல் கொட்டின மாதிரி ஆயிடும். லென்ஸ் மாத்திக்கற மாதிரி மிரர்லெஸ்னு ஒண்ணு இருக்கு. அதுல சென்சார் இதை விடப் பல மடங்கு பெரிசு."

"அதுல எதிர்மலை தெரியுமோ?"

"கூட வர லென்ஸ்ல அவ்வளவு கிட்டத் தெரியாது. அப்புறமா ஒரு பெரிய லென்ஸ் வாங்கிப் போட்டுண்டா ஆச்சு."

"எனக்குப் படம் எடுத்து மாட்டணும்னு ஒண்ணும் இல்லை. அந்தப் பக்கத்துல அதுகள் என்ன பண்றதுன்னு தெரிஞ்சா மதி, அது போறும்."

"ஒரு வருஷத்துல அது அலுத்துப் போயிடும். வாங்கறதை ஒழுங்கா வாங்கணும், கேட்டியா?"

எர்ணாகுளத்தில் கடைக்காரர் இரண்டையும் மேஜைமேல் எடுத்து வைத்தார். ஸ்ரீரஞ்சனி நேராகச் சூப்பர்ஜூமைத்தான் கையில் எடுத்தாள். கடை வாசலுக்குப் போய்த் தெருவுக்கு அந்தப் பக்கம் தூரத்தில் தெரிந்த ஒரு மாடிக் கட்டடத்தைக் குறிவைத்தாள். "மொட்டை மாடியில துணி உலர்த்தறா. கிளிப் சிவப்புக் கலர்!" என்று திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சமயத்தில் ஹரிஷங்கரின் கையில் மிரர்லெஸ் இருந்தது. உள்ளங்கைக்கு அடக்கமாக, குளிர்ச்சியாக. பொத்தானை அழுத்தியபோது வந்த சத்தம் அவனுக்கு அத்தனை பிடித்துப் போயிற்று. காலேஜ் நாளிலேயே நல்ல காமிரா ஒன்றுக்கு ஆசைப்பட்டு, வேலை, கல்யாணம், வீட்டுக் கடன் என்று தள்ளிப் போட்டு வந்தவன். அவள் சிரித்ததை அவன் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் கடைக்காரரிடம், "இதையே பில் போடுங்கோ" என்றான்.

அவள் கையிலிருந்ததை மேஜைமேல் வைத்து, லென்ஸ் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுவும் நன்னாத்தான் இருக்கு" என்றாள்.

காமிரா வந்த புதிதில் ஜன்னலோரம் நின்று சில தடவை முயன்றாள். திரையில் எதிர்மலை முழுசாக, அழகாகத் தெரிந்தது. மாடுகள் வெறும் கண்ணுக்குத் தெரிந்ததைவிடவும் சின்னதாகத் தெரிந்தன. காமிரா மெல்ல மெல்ல ஹரிஷங்கருடையதாகிவிட்டது. விடியற்காலைப் பனியில் தேயிலைச் சரிவு, பாலத்தின் மேல் பஸ், மழை ஓய்ந்த கடைவீதி என்று எடுத்துப் போட்டான். எல்லோரும் கொண்டாடினார்கள். பேங்கின் வருடாந்தர நாள்காட்டிக்கு அவன் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரிய லென்ஸின் விலை காமிராவின் விலையைவிடக் கூடுதலாக இருந்தது. அந்தப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயம். ஒரு சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழையும்போதே ஸ்ரீரஞ்சனி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"ஒரு கன்னுக்கு என்னமோ ஆயிருக்குன்னா. மத்ததெல்லாம் தலையைக் குனிஞ்சு மேயறது. அது மட்டும் நிமிர்ந்தே நிக்கறது. போய்ப் போய் மூஞ்சியைப் பாறையில தேய்க்கறது. நேத்தும் அப்படித்தான், இன்னிக்கும் அப்படித்தான்."

"ஈ மொய்ச்சிருக்கும்."

"ஈ மொய்ச்சா மேயாம இருக்குமோ? வாயில ஏதோ மாட்டிண்டிருக்கு. நான் உங்க காமிராவுல எடுத்து வச்சிருக்கேன், பாருங்கோ."

'உங்க காமிரா' என்றுதான் சொன்னாள். அது அப்போது அவன் காதில் விழவில்லை.

படத்தை லேப்டாப்பில் போட்டுப் பெரிதாக்கினான். பெரிதாக்க ஆக்கக் கன்று கட்டம் கட்டமாக உடைந்தது. தலை இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து கறுப்புச் சதுரங்கள். அவள் அவன் தோளுக்கு மேலே குனிந்து, "இதோ, இந்த இடம்" என்று விரல் வைத்தாள். அவனுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை.

"நிழலாக்கும்."

"வனத்துறைக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லுங்கோ. நீங்க சொன்னா வருவா."

"இந்தப் படத்தை வச்சுண்டு என்ன சொல்றது? சிரிப்பா. ஞாயித்துக்கிழமை நானே கீழே இறங்கிப் போய் நல்லதா ஒண்ணு எடுக்கறேன். அப்புறம் சொல்லலாம்."

உண்மையில் அவன் கூச்சப்பட்டது வேறு விஷயத்துக்கு. ஊர் முழுக்க அவனை நல்ல படம் எடுக்கிறவன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு படத்தைத் தன் பெயரில் அனுப்ப அவனுக்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு அவள் காத்திருக்கவில்லை. மறுநாள் தானே நம்பர் தேடிப் பிடித்துக் கூப்பிட்டாள். வனக்காவலர் ஜிஜி என்ற இளைஞர் ஜீப்பில் வந்தார். நல்ல மனிதர். கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. ஆனால் அவர் வந்த நேரம் எதிர்மலையை மூடுபனி அப்பிக்கொண்டிருந்தது. வெகுநேரம் காத்திருந்து, ஸ்ரீரஞ்சனி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் படத்தைக் காட்டச் சொன்னார்.

"சேச்சி, இதுல வாய் எங்க, காது எங்கன்னே தெரியலல்லோ. மயக்க ஊசி போட டாக்டர் வெளியூர்லேர்ந்து வரணும். ஒரு படமாவது தெளிவா இருந்தா நான் மேலதிகாரிகிட்ட காட்டி இன்னைக்கே வரச் சொல்லலாம். சும்மா மேயலைன்னு மட்டும் சொன்னா எப்படி?"

அவர் மறுபடியும் வந்தார். கூட இரண்டு பேரை அழைத்துக்கொண்டு எதிர்மலையிலும் ஏறிப் பார்த்தார். கூட்டம் அதற்குள் காட்டுக்குள் போய்விட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஹரிஷங்கர் இறங்கிப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. காமிரா நனைந்துவிடுமே என்று பாதியில் திரும்பி வந்துவிட்டான். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று அவன் சொன்னபோது ஸ்ரீரஞ்சனி தலை துவட்டத் துண்டை மட்டும் கொடுத்தாள்.

அதற்கடுத்த வாரம், பேங்குக்கு விடுமுறையான சனிக்கிழமை காலை, தோட்டத்தில் வேலை பார்க்கும் சின்னத்தாய் வாசலில் வந்து நின்றாள். ஓட்டமாக வந்திருந்தாள்.

"டீச்சரம்மா, நீங்க சொல்லிக்கிட்டு இருந்தீகளே அந்தக் கன்னுக்குட்டி, ஓடைக்குள்ள செத்துக் கெடக்கு. கொழுந்தெடுக்கப் போனவுக பாத்துருக்காக. பாரஸ்ட்காரவுக வந்துட்டாக."

ஸ்ரீரஞ்சனி அடுப்பை அணைத்தாள். "நீங்க போயிட்டு வாங்கோ. நான் வரலை" என்றாள். ஹரிஷங்கர் எங்கே கிளம்பினாலும் காமிராப் பையைத் தோளில் மாட்டிக்கொள்வது வழக்கமாகிவிட்டதால், அன்றும் மாட்டிக்கொண்டு இறங்கினான்.

கன்று தண்ணீரில் முகம் வைத்தபடி கிடந்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. கால்களில் முட்டிக்குக் கீழே, அதன் இனத்துக்கே உரிய வெள்ளை நிறம் சேறு படிந்து கிடந்தது. அதன் வாயை இறுக்கிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் வளையம். யாரோ தூக்கிப் போட்ட குடத்தின் கழுத்து. கரும்பச்சை நிறம். குடத்துக்குள் வாயை விட்டிருக்கிறது. குடம் உடைந்து போயிருக்கிறது, கழுத்து மட்டும் வாயோடு நின்றுவிட்டது. வாயைத் திறக்க முடியாமல், மேயவும் முடியாமல் இத்தனை நாள் தாயின் பின்னால் நடந்திருக்கிறது. கடைசியில் தண்ணீரில் முகத்தை வைத்தும் குடிக்க முடியவில்லை.

ஜிஜி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஹரிஷங்கரைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார்.

"சேச்சி சொன்னது சரியாத்தான் இருந்தது சாரே. தெரிஞ்சிருந்தா வெட்டி எடுக்க அஞ்சு நிமிஷம் போதும்." பிறகு தயங்கி, "ரிப்போர்ட்டுக்குப் படம் வேணும். என் போன் மழையில கெட்டுப் போச்சு. சார் எடுத்துத் தருவீங்களா?" என்றார்.

ஹரிஷங்கர் சேற்றில் முழங்கால் ஊன்றிப் படம் எடுத்தான். ஒவ்வொரு தடவை அழுத்தியபோதும் அவனுக்குப் பிடித்த அந்தச் சத்தம் வந்தது. திரையில் பார்த்தான். ஓடைக்குள் வெளிச்சம் குறைவுதான். ஆனால் படத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. கன்றின் கண் இமை முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. வளையம் அறுத்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது தெரிந்தது. வளையத்தின்மேல் அச்சடித்திருந்த எழுத்தைக்கூட வாசிக்க முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஸ்ரீரஞ்சனி கையை நீட்டினாள். "காட்டுங்கோ."

"வேண்டாம் ரஞ்சனி."

"காட்டுங்கோ."

கொடுத்தான். அவள் ஜன்னலோரம் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குத்திக் காட்டுகிற பழக்கம் அவளுக்கு ஒருநாளும் கிடையாது. அன்றும் குத்திக் காட்டவில்லை. மனசில் பட்டதைத்தான் சொன்னாள்.

"எத்தனை தெளிவா இருக்கு."

பிறகு காமிராவை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, நின்றுபோன சமையலைப் பார்க்கப் போனாள். அவள் திட்டியிருந்தால், அழுதிருந்தால், அவன் ஏதாவது பதில் சொல்லியிருப்பான். எர்ணாகுளத்துக் கடை வாசலில் அவள் சிரித்த முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்க்காமலே பில் போடச் சொல்லியிருந்தால், தெரியாமல் செய்துவிட்டேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம்.

அதற்கப்புறம் அவள் சமையலறை ஜன்னலைத் திறப்பதில்லை. சின்னத்தாயின் மகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் குழந்தைகள் இன்னும் சிலரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். சாயங்காலம் ஆனால் முன்னறை நிறைந்துவிடும். அவள் குரல் பழையபடி உரத்தும் தெளிந்தும் கேட்டது. காட்டுமாடுகளைப் பற்றி மட்டும் அவள் பேசவில்லை.

பேங்க் வேலையாக எர்ணாகுளம் போன ஒரு நாள், ஹரிஷங்கர் அதே கடைக்குப் போய், எந்த விமரிசனமும் படிக்காமல், அவள் அன்று கையில் எடுத்திருந்த காமிராவை வாங்கி வந்தான். பெட்டியைப் பிரித்து அவள் முன்னால் வைத்தான்.

அவள் அதைத் தொடவில்லை. நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்த கை மட்டும் நின்றது. "இப்போ எதுக்கு?" என்றாள். பிறகு, அவன் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல், "சாரமில்லை, பரவாயில்லை, இருக்கட்டும். வச்சுடுங்கோ" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அவன்தான் சமையலறை ஜன்னலைத் திறந்து உட்காருகிறான். பனி விலகுவதற்குக் காத்திருக்கிறான். கூட்டம் இறங்கியதும் பொத்தானை அழுத்தி லென்ஸை நீட்டுகிறான். கை நடுங்கினால் மாடு திரையை விட்டு ஓடிவிடுகிறது. ஜன்னல் கம்பியில் முட்டுக்கொடுத்து மறுபடியும் தேடிப் பிடிக்கிறான். படம் எடுப்பதில்லை. பெரியதோ கன்றோ, ஒவ்வொன்றாக, அது தலையைத் தூக்கும்வரை காத்திருந்து வாயைப் பார்க்கிறான். அது மென்றுகொண்டிருந்தால் அடுத்ததுக்குப் போகிறான்.

போன வாரம் அப்படி உட்கார்ந்திருந்தபோது ஸ்ரீரஞ்சனி தண்ணீர் எடுக்க உள்ளே வந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. குடித்து முடித்துவிட்டுத் தம்ளரைக் கையில் வைத்தபடியே நின்றாள்.

"எல்லாம் மேயறதோ?" என்று கேட்டாள்.

"மேயறது" என்றான் அவன். "நீ பாக்கறியா?"

"வேண்டாம். நீங்க சொன்னா மதி."

தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் முன்னறைக்குப் போனாள். அவன் அடுத்த மாட்டைத் தேடினான்.